சந்தைக்குச் சந்தை போற தம்பிக்கு

அப்பு கூகுளு, சொகமா இருக்கியா? ஒன்னப் பாத்து இந்தக் கேள்வி கேக்குறது எனக்கே சிரிப்பா இருக்கு. 2024-ல ஒங்க தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட்டுக்கு வந்த வரவு 35,000 கோடி டாலர். ரூவா இல்ல, டாலர். அதுல முக்காப் பங்கு விளம்பரக் காசு. கிளவுடு வாடகை, போன் வியாபாரம், மாசச் சந்தா, அது இதுன்னு நீ போட்டிருக்கிற மத்த கடைக எல்லாம் சேந்து மிச்சக் காப் பங்கு. இந்த ஒத்தக் கணக்க மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் ஒனக்கு நாலு வார்த்த சொல்ல ஒக்காந்திருக்கேன். நீ கேப்பேன்னு இல்ல. பேரப்புள்ளைக கேக்கலேன்னா பெரிசுக கெடச்சவனப் புடிச்சு வச்சுச் சொல்லுவோம்.

நீ வந்தப்ப நல்ல புள்ளையாத்தான் வந்தே. ஸ்டான்ஃபோர்டுல படிச்சுக்கிட்டிருந்த லாரி பேஜு, செர்கே பிரின்னுன்னு ரெண்டு பயலுக. 1998-ல மென்லோ பார்க்குல சூசன் வோஜ்சிக்கிங்கிற அம்மாவோட வீட்டுக் கார் ஷெட்டு. கம்பெனி இன்னும் பதிவே ஆகல, அதுக்குள்ள ஆண்டி பெக்டோல்ஷைம்ங்கிற மனுசன் அந்தக் கம்பெனி பேருக்கு 1,00,000 டாலருக்குச் செக்கு கிழிச்சுக் குடுத்துட்டாரு. எங்க பக்கம் இல்லாத கம்பெனிக்கு ஒருத்தன் செக்கு குடுத்தா, வாங்கினவன விட்டுட்டுக் குடுத்தவனத்தான் டாக்டர்ட்ட கூட்டிக்கிட்டுப் போவாங்க.

அப்ப இருந்த மத்தவங்க பக்கத்தத் தெறந்தா கண்ணக் கட்டும். செய்தி, சோசியம், பங்கு நெலவரம், மினுக்குற விளம்பரம். ஒன் பக்கத்துல ஒரு பொட்டி, ரெண்டு பொத்தான். கேட்டாக்க வழி சொன்னே, அனுப்பி வச்சே. 2004-ல பங்கு வெளியிடப் போற நேரத்துல லாரிப் பய பேட்டி குடுத்தான். எங்ககிட்ட வர்றவங்கள எம்புட்டு வெரசா முடியுமோ அம்புட்டு வெரசா போக வேண்டிய எடத்துக்கு அனுப்பி வைக்கணும், அதுதான் எங்க நோக்கம்ங்கிற மாதிரி சொன்னான். அந்தப் பேட்டியப் பத்திரமா வச்சிருக்கியா அப்பு? தேடித் தர ஒனக்குத் தெரியாததா. எடுத்துக் கையில வச்சுக்க, பேச்சு அங்க வரும்.

அதே 2004, ஏப்ரல் 1. ஜிமெயில்னு ஒண்ணக் கொண்டாந்தே. ஹாட்மெயில்காரன் 2 எம்.பி. எடம் குடுத்துக்கிட்டிருந்தப்ப நீ 1 ஜி.பி. இந்தா புடின்னே. முட்டாள்கள் தினத்துல சொன்னதால பாதிப் பேரு நம்பல. அன்னைக்குத்தான் எங்க மதுரையில பொறந்த சுந்தர் பிச்சைத் தம்பி ஒன்கிட்ட நேர்காணலுக்கு வந்துச்சு. ஜிமெயிலப் பத்தி என்ன நெனக்கிறேன்னு கேட்டிருக்காங்க. அது வெளையாட்டா நெசமான்னு தெரியாமலே தம்பி பதில் சொல்லியிருக்கு. 2015-ல அந்தத் தம்பியே ஒனக்குத் தலைமை. அதுல எங்களுக்கு ஒரு மெதப்பு உண்டு. வளந்தது மெட்ராசுலன்னு எவனாச்சும் எடுத்துச் சொன்னா காது கேக்காத மாதிரி இருந்துக்கிருவோம்.

பெறகு ஒனக்குக் காலு தரையில நிக்கல. 2005-ல ஆண்ட்ராய்டு. 2006-ல 165 கோடி டாலருக்கு யூடியூப். 2008-ல 310 கோடி டாலருக்கு டபுள்கிளிக். அதே வருசம் குரோம். விளம்பரக் கருவியான டபுள்கிளிக்க விட்டா மத்ததெல்லாம் சனத்துக்கு ஓசி. ஊரு ஒன்னப் பேராசக்காரன்னு சொல்லுது. நான் ஒத்துக்கிற மாட்டேன். ஒனக்குப் பயம் அப்பு, பயம். தேடுற பொட்டிக்கு சனம் வர்ற பாதையில எவனாச்சும் கதவு போட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மைக்ரோசாஃப்ட்காரன் கையில இருந்துச்சு, அவன் கதவச் சாத்திருவானோன்னு குரோம் செஞ்சே. போனுக்குள்ளயும் அவன் பூந்திருவானோன்னு ஆண்ட்ராய்ட வாங்கினே. நீ புதுச் சந்தைக்குள்ள போனதெல்லாம் பழைய சந்தைக்குக் காவல் போடத்தான்.

அந்தப் பயத்துக்கு நீ குடுத்த வெலையத்தான் சொல்லி மாளாது. ஐபோன்ல சஃபாரியத் தெறந்தா ஒன் பொட்டியே மொதல்ல நிக்கணும்னு ஆப்பிளுக்கு 2022-ல மட்டும் 2,000 கோடி டாலர் குடுத்திருக்கே. 2021-ல இந்த மாதிரி எல்லாருக்கும் அழுதது 2,630 கோடி டாலர்னு கோர்ட்டுல வெளிய வந்துச்சு. சரக்கு நல்ல சரக்குன்னு நீயே சொல்றே, சனமும் சொல்லுது. பெறகு எதுக்கு இம்புட்டு வாசல் வாடகை? வாஷிங்டன்ல நீதிபதி அமித் மேத்தாவும் இதத்தான் இங்கிலீசுல கேட்டாரு. குஜராத்துல பொறந்த மனுசன், வியாபாரம் தெரியாதுன்னு சொல்லிற முடியாது. 2024 ஆகஸ்டு 5-ல, நீ ஏகபோகக்காரன்தான், அத விடாமப் புடிச்சுக்கிறதுக்கு சட்டத்த மீறியிருக்கேன்னு எழுதிட்டாரு. அடுத்த வருசம் செப்டம்பர்ல தண்டனை சொல்றப்ப குரோம வித்துப்புடுன்னு சொல்லாம விட்டாரு. காசு குடுக்கலாம், ஆனா என்னத் தவிர வேற எவனையும் வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் போடக் கூடாதுன்னாரு. அன்னைக்கு ஒங்க பங்கு வெல ஏறுச்சு. தண்டனை வாங்கின அன்னைக்கு வெல ஏறுற ஆள நான் இந்த வயசுக்கு ஒன்னத்தான் பாக்குறேன்.

பயத்துக்காகப் போன சந்தையில எல்லாம் வேரூனி நின்னே. சும்மா ஆசைக்குப் போன சந்தையப் பத்திக் கொஞ்சம் பேசுவமா? மொகத்தத் திருப்பாத.

ஆர்குட்னு சனம் கூடிப் பேசுற ஒரு கடை வச்சே. பிரேசில்காரனும் நம்ம நாட்டுப் பயலுகளும் அதுலதான் குடியிருந்தாங்க. 2014 செப்டம்பர் 30-ல பூட்டினே. ஃபேஸ்புக்க மெரட்டக் கூகுள் பிளஸ்ஸு, 2011-ல தெறந்து 2019-ல பூட்டினே. ஸ்டேடியான்னு ஒரு வெளையாட்டுக் கடை, 2019 நவம்பர்ல இருந்து 2023 ஜனவரி வரைக்கும். வாங்கினவங்க காசத் திருப்பிக் குடுத்தே, அதுக்கு ஒன்ன மெச்சிக்கிறேன்.

லூயிவில் கதைய நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கத்துலயும் சிரிப்பு வரும். அமெரிக்காவுல அந்த ஊருக்குப் போயி ஃபைபர் இணைப்பு குடுக்குறேன்னே. ஆழமாத் தோண்டினா செலவாகும்னு ரோட்டுல ரெண்டு அங்குலத்துக்கு ஒரு கீறலு போட்டு, கேபிள அதுக்குள்ள வச்சு, மேல பசையப் பூசிட்டுப் போயிட்டே. பசை பேந்து, கேபிளு ரோட்டுக்கு மேல எட்டிப் பாத்துச்சு. 2019-ல ஊரக் காலி பண்ணினே. ரோட்ட ரிப்பேர் பண்ண நகராட்சிக்கு 38 லட்சத்து 40 ஆயிரம் டாலர் தண்டம் அழுதே. எங்க ஊர்ல ரோட்டத் தோண்டிப் போட்டுட்டுப் போறவங்க தண்டம் கட்டுனதா நான் கேள்விப்பட்டதில்ல. அந்த வகையில நீ ஒசந்தவன்தான்.

லூன்னு பலூன் பறக்கவிட்டியே, அது இன்னும் ஒசத்தி. கம்பம் நடாம, கேபிள் இழுக்காம, ஆகாசத்துல பலூன் வழியா இன்டர்நெட்டு. நல்ல யோசனதான், நான் கொற சொல்ல மாட்டேன். இலங்கை சர்க்கார் 2015-ல கை குலுக்குச்சு. 2016 பிப்ரவரியில ஒரு பலூன் கம்பளைப் பக்கம் தேயிலத் தோட்டத்துல வந்து படுத்துக்கிருச்சு. தோட்டத்துச் சனம் பாத்து, போலீசு வந்து, ஒரே கூட்டம். விழுகல, எறக்கினோம்னு அதிகாரிக சொன்னாங்க. எறக்கினதோ விழுந்ததோ, கொழுந்து பறிக்கிற எடத்துக்கு இன்டர்நெட்டு வந்துச்சுன்னு வச்சுக்குவோம். அலைவரிசைய யாரு குடுக்கிறதுங்கிற சிக்கல்ல அந்த யோசன அங்க நின்னுபோச்சு. கென்யாவுல 2020-ல வியாபாரத்த ஆரம்பிச்சு, 2021 ஜனவரியில மொத்தக் கடையையும் மூடுறதாச் சொல்லிட்டே. தேடுற பொட்டிக்கு அதால லாபமும் இல்ல, ஆபத்தும் இல்ல. ரெண்டும் இல்லாத புள்ளைய நீ ரொம்ப நாளு வளக்க மாட்டே.

எங்க நாட்டுக்கு நீ வந்த வழியும் அப்பிடித்தான். மொதல்ல ரயில்வே ஸ்டேசன்ல ஓசி வைஃபை. 2016 ஜனவரியில மும்பை சென்ட்ரல்ல ஆரம்பிச்சு, 2018-க்குள்ள 400 ஸ்டேசன். ரயிலு தாமதமாகட்டும்னு பயலுக வேண்டிக்கிட்ட காலம் அது. ஜியோக்காரன் டேட்டாவ அள்ளிக் குடுக்கவும், இனிமே இது தேவையில்லன்னு 2020-ல நீ ஒதுங்கிக்கிட்டே. அதே வருசம் அந்த ஜியோவுலயே 33,737 கோடி ரூவா போட்டு 7.73 சதவீதப் பங்கு வாங்கினே. போட்டிக்கு வந்தவனோட பங்காளியாயிட்டே. இந்தச் சூட்சுமத்த எங்க ஊர்க் கந்துவட்டிக்காரன் கேட்டா ஒன் காலுல விழுவான்.

ஜிபே விசயத்துல ஒன் கெட்டிக்காரத்தனத்த நான் ஒத்துக்கிறேன். 2016-ல யு.பி.ஐ.ங்கிற ரோட்டப் போட்டது தேசியப் பணப்பட்டுவாடா கழகம். 2017 செப்டம்பர்ல நீ தேஸ்னு ஒரு வண்டியக் கொண்டாந்து அதுல விட்டே. பேரு ஒட்டலேன்னு அடுத்த வருசமே கூகுள் பேன்னு மாத்தினே. பரிசுன்னு சொல்லிச் சுரண்டுற சீட்டு குடுத்தே. 2019 தீபாவளிக்கு அஞ்சு முத்திரை சேத்தா 251 ரூவான்னு ஒண்ணு விட்டியே, நெனப்பிருக்கா? விளக்கு கெடைக்கும், ஜிமிக்கி கெடைக்கும், ரங்கோலி மட்டும் கெடைக்கவே கெடைக்காது. படிச்ச பயலுக, ஆபீசரு, மேனேசருன்னு நாடே ஒருத்தன்ட்ட ஒருத்தன் ரங்கோலி இருக்கான்னு பிச்ச கேட்டுச்சு. 251 ரூவாய்க்கு ஒரு தேசத்தையே கையேந்த வச்ச வித்தை இருக்கே, அத எந்த ராசாவும் செஞ்சதில்ல.

இப்ப டீக்கடையில, கீரைக்காரம்மாகிட்ட, கோயில் உண்டியல் பக்கத்துலன்னு எல்லா எடத்துலயும் கட்டம் கட்டமா அட்டை தொங்குது. அதுல ஒரு பைசா கமிசன் வாங்க முடியாது. 2020-ல இருந்து யு.பி.ஐ.க்கு வியாபாரிகிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னு சர்க்கார் சொல்லிருச்சு. அப்பறமும் நீ நிக்கிறே. ஒன்னோட எடமும் வால்மார்ட்டுக்காரனோட போன்பே எடமும் சேத்தா இந்த நாட்டு யு.பி.ஐ.ல அஞ்சுல நாலு பங்கு. ஒருத்தனுக்கு 30 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு வெதி போட்டாங்க, அந்த வெதிக்கு 2026 கடைசி வரைக்கும் தவணை குடுத்தாங்க. தவணை வாங்குறதுல எங்களுக்கே நீ பாடம் நடத்தலாம். காசு இல்லாத எடத்துல எதுக்கு நிக்கிறேன்னு கேட்டா சொல்லுவியா? யாரு யாருகிட்ட என்ன வாங்குறாங்கன்னு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கிறதே ஒரு வருமானம்தான், இல்லையா அப்பு?

நம்ம போட்டி ஆணையமும் சும்மா இருக்கல. 2022 அக்டோபர்ல ஒரே வாரத்துல ரெண்டு அபராதம். ஆண்ட்ராய்டு விவகாரத்துக்கு 1,337.76 கோடி ரூவா, பிளே ஸ்டோர் வசூலுக்கு 936.44 கோடி. ரெண்டாவத 2025-ல மேல்முறையீட்டுல 216.69 கோடியாக் கொறச்சுக்கிட்டே. ஐரோப்பாக்காரன் 2017-லயே 242 கோடி யூரோ போட்டான். பொருளு தேடுறவன் கண்ணுக்கு ஒன் கடைய மேல வச்சுட்டு, போட்டிக் கடைகள்ல ஒசந்த கடையவே சராசரியா நாலாம் பக்கத்துல தள்ளியிருக்கேன்னு கணக்குப் போட்டுச் சொன்னான். ஏழு வருசம் வழக்காடினே, 2024-ல அங்க ஒசந்த கோர்ட்டும் கட்டுன்னு சொல்லிருச்சு. நாலாம் பக்கம் வரைக்கும் யாரு அப்பு போறா? நானெல்லாம் ரேசன் கடைப் பட்டியலக் கூட ரெண்டாம் பக்கம் திருப்பினதில்ல.

நொழைய முடியாத ஊருகளும் இருக்கு, ஒன் கர்வத்துக்கு அது நல்லதுதான். சீனாவுல 2006-ல அவங்க சொன்னத மறச்சுக் காட்டுறேன்னு ஒத்துக்கிட்டுப் போனே. 2010-ல முடியாதுடான்னு ஹாங்காங்குக்கு வந்துட்டே. அன்னைக்கு ஒன்ன நெஞ்சோட அணைச்சுக்கணும்னு தோணுச்சு. 2018-ல டிராகன்ஃபிளைன்னு பேரு வச்சு, மறச்சுக் காட்டுற பொட்டியோட கொல்லப்பக்கமா மறுபடி போகப் பாத்தது தெரிஞ்சதும் கைய எடுத்துட்டேன். ஒன் வேலைக்காரப் பசங்களே எதுத்து நின்னாங்க. தென் கொரியாவுல நேவர்னு உள்ளூர்க்காரன் ஒக்காந்திருக்கான். அங்க மேப்பு வெவரத்த நாட்டுக்கு வெளிய கொண்டுபோக விடுங்கன்னு 2007-ல கேட்டே, 2016-ல கேட்டே, பாதுகாப்பு முக்கியம்னு மறுத்துட்டாங்க. ரசியாக்காரன் கத வேற. அவங்க டி.வி. சேனல்கள யூடியூப்ல அடச்சதுக்கு அபராதம் வட்டி குட்டி போட்டு, 2024-ல 2-க்குப் பக்கத்துல 36 சைபர் போடுற தொகையில நின்னுச்சு. ரூபிள்தான், இருந்தாலும் ஒலகத்துல இருக்கிற மொத்தக் காசையும் சேத்தாலும் அதுக்குத் தூசி. அதிபரோட பேச்சாளரே அந்தத் தொகைய எனக்கு உச்சரிக்கத் தெரியலன்னு சொன்னாரு.

இப்ப நான் சொல்லவந்த முக்கியமான விசயத்துக்கு வாரேன். ஒன் காசு எங்க வெளையுதுங்கிற எடம் அது.

எங்க பக்கம் மாட்டுச் சந்தையில தரகர் துண்டப் போட்டு, அதுக்கடியில கைய விட்டு, விரலப் புடிச்சு வெல பேசுவாரு. சுத்தி நூறு பேரு நின்னாலும் என்ன வெலன்னு தெரியாது. இருந்தாலும் விக்கிறவனுக்குத் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியும். நீ நடத்துற விளம்பரச் சந்தை எப்பிடி? ஒரு பத்திரிகையோட பக்கத்த ஒருத்தன் போன்ல தெறக்குறான். கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள அந்தப் பக்கத்து எடத்துக்கு ஏலம் நடந்து முடிஞ்சுருது. விளம்பரம் குடுக்கிறவனுக்குத் தரகன் நீ. எடத்த விக்கிற பத்திரிகைக்காரனுக்கும் தரகன் நீ. ஏலம் நடக்குற சந்தையும் ஒன்னோடது, அதுக்கு 20 சதவீதம் சுங்கம். துண்டுக்கடியில இருக்கிற ரெண்டு கையும் ஒன் கையி அப்பு. ஒன்கிட்ட வேல பாத்த ஒருத்தரே, இது பங்குச் சந்தைய ஒரு பெரிய பாங்குக்காரனே வச்சிருக்கிற மாதிரி இருக்கேன்னு மெயில்ல எழுதினது கோர்ட்டுக்கு வந்துச்சு. 2025 ஏப்ரல் 17-ல வர்ஜீனியாவுல நீதிபதி லியோனி பிரிங்கெமா அம்மா, விக்கிறவன் பக்கத்துக் கருவியிலயும் ஏலச் சந்தையிலயும் நீ சட்டத்த மீறி ஏகபோகம் பண்றேன்னு சொல்லிட்டாங்க. வாங்குறவன் பக்கம் மட்டும் நிரூபணம் ஆகல. அஞ்சு மாசத்துல ஐரோப்பாக்காரன் அதே விவகாரத்துக்கு 295 கோடி யூரோ போட்டான். நூறு கடை தெறந்து மூடு, நான் கேக்க மாட்டேன். துண்ட மட்டும் எடு, வெலைய எல்லாரும் பாக்கட்டும். நீ எடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், சொல்லி வைக்கிறேன்.

இப்பப் புதுசா ஒரு பயம் வந்திருக்கு ஒனக்கு. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்தப்ப ஒன் மொகத்துல ஈயாடல. அவசரத்துல 2023 பிப்ரவரியில பார்டுன்னு ஒரு புள்ளைய மேடையேத்தினே. அது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியப் பத்தித் தப்பாச் சொல்ல, ஒரே நாளுல 10,000 கோடி டாலர் சந்தை மதிப்பு கரைஞ்சுபோச்சு. ஒரு வாய்ச்சொல்லுக்கு அம்புட்டு வெல குடுத்தவன் நீ ஒருத்தன்தான். அடுத்த வருசம், தேடினவனுக்கு மேலயே பதில எழுதிக் காட்டுறேன்னு ஆரம்பிச்சே. பீட்சாவுல சீஸு ஒட்டலேன்னா கொஞ்சம் பசை கலந்துக்கன்னு யோசன சொல்லுச்சு அது. தெனம் ஒரு சின்னக் கல்லு திங்கலாம்னும் சொல்லுச்சு. பசை ஒனக்கு ராசி இல்லன்னு லூயிவில்லயே தெரிஞ்சிருக்கணும்.

அத இப்பத் திருத்திட்டே, சரி. ஆனா எவனோ எழுதின சமையக்குறிப்ப, எவனோ போயிப் பாத்து எழுதின செய்திய எடுத்து நீயே மேல சுருக்கிச் சொல்லிட்டா, கீழ இருக்கிற அவன் வீட்டுக்கு யாரு போவா? இப்ப எடு அப்பு, அந்த 2004 பேட்டிய. லாரிப் பய சொன்னத சத்தமாப் படி. வெக்கப்பட வேணாம், இங்க நாம ரெண்டு பேருதான்.

பேச்சோட பேச்சா, விசாகப்பட்டினத்துக்கு வர்றியாமே. 2025 அக்டோபர்ல சொன்னே: அஞ்சு வருசத்துல 1,500 கோடி டாலர், ஏ.ஐ. தரவு மையம், அதானியும் ஏர்டெல்லும் கூட்டு. மதுரைப் புள்ள தலைமையில இருந்துக்கிட்டு ஆந்திராவுக்குக் குடுத்துருச்சேன்னு எங்க ஆளுக கொதிக்கிறாங்க. நான் அவங்கள ஒக்கார வச்சு, பொறாமப்படாதீங்கடா, அந்த மிசினுக எம்புட்டுக் கரண்டு குடிக்கும், எம்புட்டுத் தண்ணி குடிக்கும்னு மொதல்ல கேட்டு எழுதி வாங்குங்க, பெறகு பொறாமப்படலாம்னு சொல்லி வச்சிருக்கேன். ஒனக்கும் ஒண்ணு சொல்றேன். நாளைக்கு எங்க பக்கம் வந்தாலும் வா, மோரு குடுத்து உபசரிப்போம், ஜிபேயில பணம் கேக்க மாட்டோம். பத்திரம் எழுதுறப்ப எத்தன வருசம் இருப்பேங்கிற எடத்த மட்டும் பென்சில்ல நெரப்பிறாத. பேனா வச்சிருக்கேல்ல?